பிளஸ் டூ முடித்த கையோடு ராணுவமா, பட்டம் பெற்ற பிறகா?

பிளஸ் டூ முடித்த ஒருவர் உடனே ராணுவத்தில் சேர்வதா, பட்டப்படிப்பை முடித்துவிட்டுச் சேர்வதா என்று பேச்சு வரும்போது, கேட்பவரும் பதில் சொல்பவரும் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அந்த இரண்டு பாதைகளும் ஒரே வேலைக்குப் போய்ச் சேர்வதில்லை. பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ முடித்து ஆள்சேர்ப்பு முகாம் வழியாகப் போகிறவர் சிப்பாயாகப் போகிறார். பட்டம் பெற்று யு.பி.எஸ்.சி. தேர்வு வழியாகப் போகிறவர் லெப்டினென்ட்டாகப் போகிறார். இருவரும் தொடங்கும் இடங்களுக்கு நடுவே நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்று ஒரு முழுப் பணிக்காலமே அடங்கியிருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய சுபேதார், பயிற்சி முடித்து நேற்று வந்து சேர்ந்த 22 வயது லெப்டினென்ட்டுக்கு சல்யூட் அடிப்பது ராணுவத்துக்குள் யாருக்கும் விந்தையாகத் தோன்றாத நடைமுறை. வெளியே இருந்து பார்க்கும் நமக்குத்தான் இருவரும் ஒரே உடுப்புக்காரர்களாகத் தெரிகிறார்கள்.

நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், என்.சி.சி. பிரிவின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. என் அண்ணன் பிளஸ் டூ முடித்த ஆண்டிலேயே சிப்பாயாகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, இன்று பென்ஷன் வாங்குகிறார். ஆகவே எங்கள் வீட்டில் இந்த விவாதத்துக்கு என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. உறவினர் பிள்ளைகள் யார் வந்து கேட்டாலும் அண்ணன் வெகுகாலம் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தார்: "சின்ன வயசுலயே போயிடு தம்பி, முப்பத்தஞ்சுக்குள்ள பென்ஷனோட வந்துடலாம், டிகிரியை அஞ்சல் வழியில பாத்துக்கலாம்." அவர் காலத்துக்கு அது பொன்னான யோசனைதான். குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றினால் ஆயுள் முழுவதும் ஓய்வூதியம், குடும்பத்துக்கு மருத்துவ வசதி, கேன்டீன் அட்டை, வெளியே வந்த பிறகு வங்கியிலோ அரசுத் துறையிலோ முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இரண்டாவது வேலை என்று எல்லாம் ஒரே கோட்டில் அமைந்திருந்தன. படிப்பைத் தள்ளிப்போட்டதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அவருடன் சேர்ந்தவர்களில் பலர் பணியில் இருந்தபடியே பட்டம் வாங்கினார்கள்.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அந்த யோசனையின் அடித்தளம் மாறிவிட்டது. இன்று பிளஸ் டூ முடித்துச் சிப்பாயாகப் போகும் ஒருவர் அக்னிவீரராகத்தான் போக முடியும். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து 4 ஆண்டுகள் பணி. அவற்றின் முடிவில் ஒவ்வோர் அணியிலும் 25 விழுக்காடு வரையிலானவர்கள் நிரந்தரப் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மேலும் குறைந்தது 15 ஆண்டுகள் பணியாற்றுவார்கள். மற்றவர்கள் வீடு திரும்புவார்கள். திரும்புகிறவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது, பணிக்கொடை கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் அதனோடு வரும் கேன்டீன், மருத்துவ வசதிகளும் கிடையாது. இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்று நாடாளுமன்றத்திலும் தேர்தல் மேடைகளிலும் ஓயாமல் பேசியாகிவிட்டது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. 18 வயதில் முடிவெடுக்க வேண்டிய ஒருவருக்குத் திட்டம் இப்போது இருக்கிறபடிதான் இருக்கிறது என்பதே கணக்கு.

பணத்தைப் பார்ப்போம். திட்டம் அறிவிக்கப்பட்டபோது சொன்னபடி, முதல் ஆண்டில் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் 33,000, 36,500, 40,000. ஆனால் இதில் 30 விழுக்காடு சேவா நிதிக்குப் பிடிக்கப்படுவதால், முதல் ஆண்டில் கைக்கு வருவது 21,000, நான்காம் ஆண்டில் 28,000. பிடித்த தொகைக்கு ஈடான தொகையை அரசும் போடுகிறது. நான்கு ஆண்டுகளின் முடிவில் வீரரின் பங்கு 5.02 லட்சம், அரசின் பங்கு 5.02 லட்சம், வட்டியும் சேர்த்து ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாய் வருமான வரி இல்லாமல் கையில் கிடைக்கும் என்பது அறிவிப்பு. சோறும் உடையும் தங்குமிடமும் படையின் பொறுப்பு என்பதால், சிக்கனமாக இருக்கும் பையன் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்ப முடியும். பணியில் உயிரிழக்க நேர்ந்தால் வீரர் தவணை கட்டாத 48 லட்சம் ரூபாய்க் காப்பீடு உண்டு. பெற்றோர் இதைக் கேட்கவே விரும்புவதில்லை. ஆனாலும் மகனோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய வரிகளில் அதுவும் ஒன்று.

22 வயதில் 11 லட்சத்துடன் வீட்டுக்கு வருவது சிறிய விஷயம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை முடித்து வெளியேறும் 21 வயதுப் பட்டதாரியிடம் அந்த வயதில் பட்டச் சான்றிதழைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று என் மாணவர் ஒருவரின் தந்தை கேட்டார், நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தொகை வந்து சேரும் குடும்பங்களின் நிலையையும் பார்க்க வேண்டும். அக்காவின் கல்யாணம், பழைய கடன், பாதியில் நிற்கும் வீட்டின் மேல்தளம் ஆகிய மூன்றும் அந்த 11 லட்சத்துக்காக நான்கு ஆண்டுகளும் காத்துக்கொண்டிருக்கும். சேவா நிதியை மகனுடைய மேற்படிப்புக்கோ தொழிலுக்கோ தொடாமல் வைத்திருப்போம் என்று சேரும்போது சொல்லும் வீடுகளில் எத்தனை வீடுகளால் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அது நிறைவேறாமல் போனால், பட்டமும் இல்லாமல், சேமிப்பும் இல்லாமல், பள்ளிச் சான்றிதழையும் உடல் வலிமையையும் நம்பி மறுபடியும் வேலை தேடும் இளைஞர் ஒருவர் மிஞ்சுவார். துணை ராணுவப் படைகளில் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு இடங்களும் வயது வரம்பில் சலுகையும் தருவதாக உள்துறை அமைச்சகம் 2022-லேயே அறிவித்திருக்கிறது. அது ஒரு வாய்ப்பு. கையில் கிடைத்த வேலை ஆகாது.

இணையத்தில் இந்தக் கேள்வியைத் தேடினால் வந்து குவியும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. 'முதலில் படைக்குப் போ, பிறகு அரசு செலவில் கல்லூரிக்குப் போ' என்பது அவற்றின் சாரம். அந்த நாட்டில் அதற்கு 80 ஆண்டு வரலாறு இருக்கிறது. 1944-இல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டத்தின் கீழ் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்லூரிக்குப் போனார்கள். இன்றும் அங்கே தகுதியுள்ள முன்னாள் வீரர் ஒருவருக்கு 36 மாதக் கல்லூரிக் கட்டணத்தையும் தங்குவதற்கான உதவித்தொகையையும் அரசு தருகிறது. நம் நாட்டில் படையிலிருந்து திரும்பும் சிப்பாயைக் கல்லூரி வகுப்பறையில் கொண்டுபோய் உட்காரவைக்கும் அப்படியொரு ஏற்பாடு இல்லை. அங்குள்ள வரிசையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால், கல்லூரிக் கட்டணத்தோடு, 22 வயதில் 18 வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரும் கூச்சத்தையும் சேர்த்து அந்த இளைஞர்தான் சுமக்க வேண்டியிருக்கும்.

நம்மிடம் இருக்கும் ஏற்பாடு வேறு வகையானது. அக்னிவீரர்களுக்கென்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு ஒன்றை உருவாக்கியிருக்கிறது. படையில் பெறும் பயிற்சிக்கே பட்டத்துக்கான மதிப்பீட்டில் 50 விழுக்காடு கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். மீதிப் பாதியைப் பாடங்களாகப் படித்துத் தேர்வு எழுத வேண்டும். காகிதத்தில் இது அருமையான ஏற்பாடு. நடைமுறையில் என்ன ஆகும் என்பதை அண்ணனிடம் கேட்டேன். விடியற்காலை பி.டி., பிறகு பரேடு, மதியத்துக்கு மேல் வேலை, மாலையில் கட்டாய விளையாட்டு, இரவில் காவல் முறை. நடுவே கிடைக்கும் நேரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போடுவதா, வீட்டுக்குப் போன் பேசுவதா, பாடப் புத்தகத்தைத் திறப்பதா என்றால், 19 வயதில் புத்தகம் மூன்றாவது இடத்துக்குத்தான் போகும் என்றார். அமைதியான கன்டோன்மென்டில் இருக்கும்வரை படிக்கலாம். யூனிட் ஃபீல்டுக்குப் போய்விட்டால் தேர்வு தேதி எது, எல்லையில் காவல் நாள் எது என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிக்க முடியாது. நிரந்தரப் பணியாளருக்கு ஆண்டு விடுப்பும் தற்செயல் விடுப்புமாக 90 நாட்கள் கிடைக்கும். அக்னிவீரருக்கு ஆண்டுக்கு 30 நாட்கள்தான். அந்த 30 நாட்களில் ஊர்த் திருவிழாவை விட்டுவிட்டுத் தேர்வு எழுதப் போகும் மனம் உள்ளவருக்கு மட்டுமே அந்தப் பட்டம் கைக்கு வரும். அப்படிப்பட்டவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை வகுப்பறையிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இனி மற்ற வாசல். நம் பிள்ளைகள் பலர் பட்டம் வாங்கினால்தான் அதிகாரியாக முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும்போதே எழுதக்கூடிய தேர்வு ஒன்று இருக்கிறது என்பது முதலாம் ஆண்டு வகுப்பில் நான் சொல்லும்போதுதான் பாதிப் பேருக்குத் தெரிகிறது. அதற்குள் அவர்களில் சிலருக்கு வயது கடந்திருக்கும். புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில், அதாவது என்.டி.ஏ.வில், சேர ஏறக்குறைய 16½ வயது முதல் 19½ வயது வரைதான் அனுமதி. ஆண்டுக்கு இருமுறை யு.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொதுத் தாளுக்கு 600, நேர்முகத் தேர்வுக்கு 900 மதிப்பெண்கள். தேர்வானால் மூன்றாண்டு அகாடமிப் படிப்பின் முடிவில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம் கிடைக்கும். தரைப்படையைத் தேர்ந்தெடுத்தவர் அதன் பிறகு டேராடூனில் ஓராண்டுப் பயிற்சி முடித்து லெப்டினென்ட் ஆவார். செலவு முழுவதும் அரசுடையது. 'ராணுவமா, கல்லூரியா' என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து ஜே.இ.இ. மெயின் எழுதியவர்களுக்குத் தொழில்நுட்ப நுழைவுத் திட்டம் என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் பொறியியல் பட்டமும் அதிகாரிப் பதவியும் சேர்ந்தே வரும்.

இவ்வளவு நல்ல வழியில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஏன் அதிகம் போவதில்லை என்றால், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கிறது. தமிழ் வழியில் படித்த மாணவர் கணிதத்தை எவ்வளவு நன்றாகப் போட்டாலும், 'பெர்முடேஷன்' என்ற சொல்லைப் பார்த்ததும் அது தான் படித்த வரிசைமாற்றம்தான் என்று புரிந்துகொள்ள ஒரு கணம் பிடிக்கும். இரண்டரை மணி நேரத்தில் 120 கேள்விகள் என்னும் தேர்வில் அந்தக் கணங்கள் எல்லாம் சேர்ந்து மதிப்பெண்ணாகக் கழிந்துவிடும். மூளைக் குறைவோ வீரக் குறைவோ இதில் இல்லை. பதினோராம் வகுப்பிலேயே யாராவது ஒருவர் கையைப் பிடித்து விண்ணப்பிக்கவைத்து, பழைய வினாத்தாள்களை ஆங்கிலத்தில் போட்டுப் பழக்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். பள்ளிகளில் இதற்கு ஒரு ஆசிரியரைப் பொறுப்பாக்கினாலே போதும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள்.

என்.டி.ஏ. வாய்ப்பு போன பிறகுதான் கல்லூரியா அக்னிவீரா என்ற உண்மையான தேர்வு தொடங்குகிறது. கல்லூரிக்குப் போகிறவர் அங்கே என்ன செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்தே அந்த மூன்று ஆண்டுகளுக்கு ராணுவ நோக்கில் மதிப்பு உண்டு. என்.சி.சி.யில் மூன்று ஆண்டுகளும் இருந்து 'சி' சான்றிதழை நல்ல தரத்தில் பெற்று, பட்டத்தில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண் வைத்திருந்தால், யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. எனப்படும் அதிகாரித் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குப் போகும் சிறப்பு நுழைவு வழி இருக்கிறது. அது கிடைக்காதவர்கள் பட்டதாரிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள்) தேர்வு எழுதலாம், அதுவும் ஆண்டுக்கு இருமுறை. டேராடூன் அகாடமிக்கு 24 வயது வரை, சென்னைப் பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 25 வயது வரை ஏறக்குறைய இடம் உண்டு. சென்னை அகாடமிக்கு மட்டும் எழுதுகிறவர்களுக்குக் கணிதத் தாள் கிடையாது; ஆங்கிலமும் பொது அறிவும்தான். வரலாறும் தமிழும் படிக்கும் என் மாணவர்கள் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

எழுத்துத் தேர்வைவிட எஸ்.எஸ்.பி.தான் கல்லூரிக் காலத்தின் பயனைக் காட்டும் இடம். ஐந்து நாட்கள் நடக்கும் அந்தத் தேர்வின் முதல் நாளில் தெளிவில்லாத படம் ஒன்றை அரை நிமிடம் காட்டி, நான்கு நிமிடத்தில் அதைக் கதையாக எழுதச் சொல்லி, பிறகு பதினைந்து பேரை வட்டமாக உட்காரவைத்துப் பொதுவான ஒரு கதைக்கு வரச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அன்றைக்கே பாதிக்கு மேற்பட்டோர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிடுவதுண்டு. தங்கியவர்களுக்கு அடுத்த நாள் 60 சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் 15 விநாடி, அதற்குள் மனதில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். 'தோல்வி', 'தனிமை', 'ஆபத்து' என்பன போன்ற சொற்களுக்கு 17 வயதில் எழுதும் வாக்கியமும் 21 வயதில் எழுதும் வாக்கியமும் ஒன்றாக இருப்பதில்லை. விடுதியில் தங்கி, முகாமுக்கு நூறு பேரை அழைத்துப் போய், ஒரு துறை விழாவை நடத்தி, ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாகவாவது மேடையேறிப் பேசிய மாணவருக்கு அந்த 15 விநாடியில் எழுத ஏதோ ஒன்று இருக்கும். பாடத்தைப் படித்து மட்டும் போனவர் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்த வாக்கியத்தை எழுதுவார். மதிப்பிடும் உளவியலாளர்கள் அதை ஆயிரம் முறை பார்த்தவர்கள்.

அதிகாரி வாசலையும் பொன்வாசலாக வருணிக்க வேண்டியதில்லை. சென்னை அகாடமி தருவது குறுகிய காலப் பணி: 10 ஆண்டுகள், விரும்பினால் மேலும் 4 ஆண்டுகள். நிரந்தரப் பணி கிடைக்காதவர் முப்பதுகளிலேயே ஓய்வூதியம் இல்லாமல்தான் வெளியே வருவார். ஆனால் வெளியே வரும் அந்த மனிதர் பட்டதாரி. லெப்டினென்ட்டாக 56,100 ரூபாய் அடிப்படை ஊதியத்தில் தொடங்கி, நூறு பேரை நடத்திய அனுபவத்தோடு வருகிறார். 22 வயதில் பள்ளிச் சான்றிதழோடு வருபவருக்கும் அவருக்கும் வெளிச்சந்தையில் கிடைக்கும் இருக்கைகள் வேறு வேறு.

கல்லூரிக்குப் போ என்று நான் சொல்லும்போது அதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. கல்லூரியைக் காத்திருப்பு அறையாக வைத்துக்கொள்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். விடியற்காலையில் மைதானத்தில் ஓட்டம், முற்பகலில் வகுப்பில் தூக்கம், மாலையில் மறுபடியும் மைதானம். வருகைப்பதிவு குறைந்து, அரியர் ஏறி, மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டமும் முழுமையாக இல்லாமல், அக்னிவீர் வயதையும் கடந்து நிற்பார்கள். இரண்டு தோணியிலும் கால் வைத்ததால் வரும் நிலை இது. முகாம் ஓட்டத்தின் கணக்கு இரக்கமற்றது: 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மதிப்பெண், பத்து புல்-அப் எடுத்தால் 40, ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இதற்கு ஆறேழு மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் போதும். மூன்று ஆண்டுகளைக் கொடுக்க வேண்டியதில்லை. மேலும் 2023 முதல் ஓட்டத்துக்கு முன்பே கணினிவழிப் பொது நுழைவுத் தேர்வு வந்துவிட்டது. மைதானத்தை மட்டும் நம்பியவர்கள் இப்போது மைதானத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். புத்தகத்தைத் தள்ளிவைத்து ஓடியவர்கள் புத்தகத்தால் வெளியேறுவது கசப்பான வேடிக்கை.

மருத்துவப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். இரண்டு வாசலுக்கும் அது பொது. இருந்தும் எல்லோரும் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தட்டைப்பாதம், நேராக நின்றால் முழங்கால்கள் ஒன்றோடொன்று முட்டுவது, நிறக்குருடு, முன்கையின் உட்புறமும் புறங்கையும் அல்லாத இடங்களில் பச்சை குத்தியிருப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும், ஓடிய ஓட்டமெல்லாம் வீணாகும். முடிவெடுக்கும் முன்பே அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டால், சில குடும்பங்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியே தேவைப்படாது.

பெண்களுக்குக் கணக்கு வேறு விதமாக அமைகிறது. தரைப்படையில் அக்னிவீரர்களாகப் பெண்கள் சேரக்கூடிய இடம் ராணுவக் காவல் பிரிவுதான், இடங்கள் குறைவு. அதிகாரி வாசல் அவர்களுக்கு இதைவிட அகலமாகத் திறந்திருக்கிறது. சென்னை அகாடமி 1992 முதல் பெண்களைப் பயிற்றுவிக்கிறது, நிரந்தரப் பணி உரிமையை உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது, 2022-இல் என்.டி.ஏ.வில் சேர்ந்த முதல் பெண்கள் அணி 2025-இல் பயிற்சி முடித்து வெளியே வந்தது. என் பிரிவு மாணவிகள் யார் கேட்டாலும், பட்டத்தை முடித்து அதிகாரியாகப் போங்கள் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாமல் தடுப்பது குடும்பத்தின் பண நிலை. அரசுக் கல்லூரிக் கட்டணம் குறைவுதான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருபவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் படிப்பின் உண்மையான செலவு கட்டணத்தில் இல்லை. அந்த மூன்று ஆண்டுகளில் வீட்டுக்கு வராமல் போகும் சம்பளத்தில் இருக்கிறது. தந்தை படுத்த படுக்கையாக இருக்கும் வீட்டில் மூத்த மகனிடம், மாதம் 21,000 ரூபாயை விட்டுவிட்டு எஸ்.எஸ்.பி.க்குத் தயாராகு என்று சொல்வதற்கு எனக்கு எந்த உரிமையும் இல்லை. அத்தகைய மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டு அக்னிவீரராகச் சேர்ந்தபோது, மாற்றுச் சான்றிதழுக்கான தாளில் துறைத்தலைவர் காரணம் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை நானே கூடப் போய், அந்தப் பையன் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரத் தேவையான மதிப்பெண் பட்டியல்களையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன்.

அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வயது வரம்பு 17½ முதல் 21 என்றிருந்தது. தொடக்க ஆண்டில் மட்டும் 23 வரை தளர்த்தினார்கள். இத்தகைய வரம்புகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிக்கையைத்தான் நம்ப வேண்டும். 18 வயதில் சேர்கிறவர் 22-இல் வெளியே வருகிறார். அந்த நான்கு ஆண்டுகளில் பட்டத்தை முடித்திருந்தால், சி.டி.எஸ். எழுதுவதற்கு அவருக்கு இன்னும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் மிச்சம் இருக்கும். சிப்பாயாகப் பணியாற்றிய அனுபவத்தோடு அதிகாரி வாசலில் நிற்கலாம். பட்டம் முடியவில்லை என்றால் அந்த வாசல் அவருக்கு இல்லை. 20 வயதுக்குப் பிறகு சேர்கிறவருக்கோ, வெளியே வரும்போது வயது 24-ஐக் கடந்திருக்கும் என்பதால், அதிகாரியாகும் எண்ணத்தை ஏறத்தாழ விட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே, வீட்டுக்குச் சம்பளம் உடனே தேவைப்படுகிறவர் போவதென்றால் 18-இல் போகட்டும், பட்டத்தையும் பதிவு செய்துகொண்டு போகட்டும். சம்பளம் காத்திருக்க முடிகிற வீட்டுப் பிள்ளை என்.டி.ஏ. எழுதட்டும், அது தவறினால் கல்லூரியில் சேர்ந்து என்.சி.சி. 'சி' சான்றிதழ் வரை இருக்கட்டும். சிப்பாயாகத்தான் போக வேண்டும், அந்த வாழ்க்கைதான் பிடித்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை. என் அண்ணனும் அப்படிச் சொல்லித்தான் போனார்.

இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் ஒரு திருத்தம் சொன்னார். நான்கு ஆண்டுகளின் முடிவில் 25 விழுக்காட்டில் இடம்பிடிப்போம் என்ற நம்பிக்கையில் எல்லோரும் சேர்கிறார்கள்; ஒவ்வொரு பிளட்டூனிலும் அந்த நால்வரில் ஒருவன் தானே என்றுதான் நால்வரும் நினைப்பார்கள். அதனால் சேரப் போகிற பையனிடம் "உன்னை எடுத்துக்கிட்டா என்ன செய்வே"ன்னு கேட்காதே, "எடுத்துக்கலன்னா 23-வது வயசுல என்ன செய்வே"ன்னு கேளு, அதுக்கு அவன்கிட்ட பதில் இருந்தா அனுப்பு என்றார். இந்த ஆண்டு என் பிரிவிலிருந்து விண்ணப்பித்த மாணவர்கள் ஒவ்வொருவரையும் அதே கேள்வியோடு உட்காரவைத்தேன். ஒருவர் தன் மாமாவின் லாரி பட்டறை இருக்கிறது என்றார். இன்னொருவர் காவல் துறைத் தேர்வுக்கான பாடத்திட்டத்தையே எடுத்துக் காட்டினார். மற்றவர்கள் அடுத்த வாரம் வந்து சொல்வதாகப் போயிருக்கிறார்கள்.